ஹார்லன் விட்கோவின் ஐந்தாவது விரல்

ஹார்லன் விட்கோ முள்ளம்பன்றி அல்ல. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. அவனோடு நெருங்கிப் பழகியவர்களுக்கே அவ்வப்போது இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. நல்ல சேதி கேட்டால் மூக்கை இரண்டு தரம் சுருக்குவான். கெட்ட சேதி கேட்டால் தோள்கள் இரண்டும் காது வரை ஏறும். யாராவது கதவை அறைந்து சாத்தினால் பின்கழுத்து முடி குத்திட்டு நிற்கும். 1954 ஆகஸ்டில் அவனுக்கு வயது நாற்பத்து மூன்று. தோள்கள் காதோரமே குடியேறிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

எல்லாம் தொழில் செய்த வேலை. லாஸ் ஏஞ்சல்ஸில் பிரம்லி கார்ட்டூன் கம்பெனி என்று ஒன்று இருந்தது. தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடுகிற ஏழு நிமிஷப் படங்களை அவர்கள் எடுத்தார்கள். அந்தப் படங்களின் நாயகன் லெம் என்கிற முள்ளம்பன்றி. வெள்ளைக் கையுறை, பச்சைக் கழுத்துப்பட்டி, தொட்ட காரியம் அத்தனையும் சொதப்பல். லெம்மை நடக்கவும் ஓடவும் மலையுச்சியிலிருந்து விழவும் வைத்த எட்டுப் பேரில் ஹார்லன் ஒருவன். எட்டுப் பேர் மேஜையிலும் ஆளுக்கொரு கண்ணாடி இருக்கும். லெம் பயப்பட வேண்டுமானால், வரைகிறவன் முதலில் கண்ணாடியைப் பார்த்துத் தானே பயப்பட வேண்டும். பிறகு அந்தப் பயத்தை அப்படியே தாளில் இறக்க வேண்டும். எட்டு வளர்ந்த ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து கண்ணாடிக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் அந்த அறைக்குள் வெளியாட்களைக் கூட்டிவர முதலாளி பிரம்லிக்கு மனம் வந்ததில்லை. குறிப்பாக வங்கிக்காரர்களை.

ஹார்லன் அங்கே சேர்ந்தது 1934இல். சொந்த ஊர் ஓஹையோவில் யங்ஸ்டவுன், இரும்பாலை ஊர். அப்பா உலைக்களத்தில் வேலை பார்த்தவர். மகன் பென்சில் பிடித்துப் பிழைக்கப் போகிறேன் என்றபோது அவர் தம் ஸ்லோவாக் மொழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதை ஹார்லன் இன்றுவரை யாருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னதில்லை.

முதலில் கிடைத்தது கழுவுகிற வேலை. செல்லுலாய்டு தாளில் மை தீட்டி, வண்ணம் பூசி, கேமராவுக்குக் காட்டி முடித்ததும், அந்தத் தாள்களை வெந்நீரில் கழுவி அடுத்த படத்துக்கு எடுத்து அடுக்க வேண்டும். ஒருவன் முந்தின மாதம் உயிரைக் கொடுத்து வரைந்த சிரிப்பை இவன் அரை நிமிஷத்தில் தொட்டியில் கரைத்துவிடுவான். இந்தத் தொழிலில் என்ன மிஞ்சும் என்பது அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. இருபத்து மூன்று வயதில் யாருக்கு எது புரிந்திருக்கிறது.

மெல்ல மெல்ல வரைகிற மேஜைக்கு வந்தான். அங்கே இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, லெம்முக்குக் கைக்கு நான்கு விரல்தான். ஐந்து போட்டால் திரையில் கை வாழைச்சீப்பு மாதிரி தெரியும். தவிர, ஒரு படத்துக்கு எட்டாயிரம் சித்திரம். ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் மிச்சம். பென்சிலின் எந்த முனை எழுதும் என்று பிரம்லிக்குத் தெரியாது. ஆனால் பதினாறாயிரம் விரல் மிச்சம் என்றால் அவருக்குச் சட்டென்று விளங்கும்.

இரண்டாவது சட்டம், எட்டுப் பேர் வரைந்தாலும் ஒரே லெம்தான். எந்தக் காட்சி யார் கை என்று கண்டுபிடிக்க முடிந்தால் அந்தக் கைக்காரனுக்குத் திட்டு விழும். ஹார்லனுக்குத் திட்டு விழுந்ததே இல்லை. தன்னுடைய அடையாளம் ஒரு கோட்டில்கூட ஒட்டாமல் வரைவதில் அவன் மன்னன். இதை அவன் பெருமையாகவே நினைத்தான், பாவம். சாயங்காலங்களில் நியூயார்க் பதிப்பாளர் ஒருவருக்கு முயல், நரி, வாத்து என்று காமிக்ஸ் பக்கங்களும் வரைந்து அனுப்பினான். அவற்றிலும் கையெழுத்து கிடையாது. அந்த மிருகங்களுக்கும் நான்கு விரல்தான்.

1953 ஜூனில், ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரம்லி எல்லாரையும் முற்றத்துக்கு வரச் சொன்னார்.

"பசங்களா, வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தாச்சு. தியேட்டர்காரன் நம்ம ஏழு நிமிஷத்த இனிமே சும்மா குடுத்தாலும் வேண்டாங்கறான். உங்கள எல்லாம் நான் என் குடும்பமாத்தான் நெனச்சேன்."

"எந்தக் குடும்பம் சார்? மொதல் குடும்பமா, மூணாவதா?" என்றான் கிளீட்டஸ். ஹார்லனுக்குப் பக்கத்து மேஜைக்காரன்.

பிரம்லி அன்று யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. அதிலிருந்தே நிலைமை புரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பத்தொன்பது வருடத்துத் தாள்களும் கொல்லைப்புறத்துக் குப்பை உலையில் எரிந்தன. மலையுச்சியிலிருந்து விழும் லெம் கடைசி முறையாக மேலே போனான், புகையாக. ஹார்லன் எடுத்துவந்தது ஒன்றே ஒன்று. மேஜைக் கண்ணாடி. அதுவும் கம்பெனி சொத்துதான். ஆனால் கேட்பதற்கு அப்போது கம்பெனி இல்லை.

அதற்குப் பிறகு அந்த ஊரில் ஹார்லன் ஏறாத படி இல்லை. ஒவ்வொரு இடத்திலும் இதே பேச்சுத்தான்.

"உங்க வேலைய காட்டுங்க."

"எரிச்சுட்டாங்க சார். காமிக்ஸ் புத்தகம் இருக்கு, பாருங்க."

"இதுல உங்க பேரு எங்க?"

"பேரு போட மாட்டாங்க."

"நீங்கதான் வரஞ்சீங்கன்னு நான் எப்படி நம்புறது?"

அங்கேயே ஒரு தாளை எடுத்து லெம்மை வரைந்து காட்டுவான். ஓடுகிற லெம், தும்முகிற லெம், தபால்பெட்டிக்குள் தலை சிக்கிய லெம். எதிரே இருப்பவர் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளுவார்.

"நேத்து ஒருத்தர் வந்து இதையேதான் வரஞ்சு காட்டினார். கோட்டுக்குக் கோடு இதேதான். உங்க எட்டுப் பேர்ல யார் வந்தாலும் இதேதானே வரும். எனக்கு வேணுங்கிறது ஒரு ஆளு. அச்சு இல்ல."

டெலிவிஷனுக்குப் படம் எடுக்கிற புதிய கம்பெனி ஒன்று இவனை இரண்டு நாள் சோதித்துப் பார்த்தது. அங்கே உடம்பு அசையாது, வாய் மட்டும் அசையும். ஹார்லன் வரைந்த ஆசாமி பேசும்போது புருவம் அசைந்தது, தொப்பை குலுங்கியது, கால் மாற்றி நின்றான். "உங்க ஆளு ரொம்ப உயிரோட இருக்கான் சார், எங்களுக்குக் கட்டுபடியாகாது" என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள். வாழ்த்து அட்டை, சுவர்க்காகிதம், நாய் பிஸ்கட் டப்பா என்று அடுத்தடுத்துப் பார்த்தான். எல்லா வாசலிலும் அவனுக்கு முன்னால் கிளீட்டஸ் நின்றிருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

காமிக்ஸாவது இருந்ததே என்றால், அந்த வசந்தத்தில் அதுவும் போயிற்று. காமிக்ஸ் படித்தால் பிள்ளைகள் ரவுடிகளாகிவிடுவார்கள் என்று நாடு முழுக்கப் பெரியவர்கள் கிளம்பினார்கள். பள்ளிக்கூட மைதானங்களில் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். நியூயார்க் பதிப்பாளர் கடையைக் கட்டினார். வாத்தும் முயலும் யாரைக் கெடுத்தன என்று கடைசிவரை தெரியவில்லை. ஒரே வருடத்துக்குள் இரண்டாவது தடவையாக ஹார்லனின் வரைபடங்கள் எரிந்தன. அவன் கையெழுத்துப் போடாததில் ஒரு லாபம், இந்த முறை யாரும் அவனைத் திட்டவில்லை.

அவன் மனைவி இர்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மௌனத்தைத் தாங்குவது ஹார்லனுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அவள் தம்பி வேட் அப்படியில்லை, எல்லாவற்றையும் பேசுவான். ஃபிரெஸ்னோவில் உலர்திராட்சை பேக் செய்யும் கொட்டகையில் அவன் மேலாளர். ஆகஸ்ட் நடுவில் போன் செய்தான்.

"மச்சான், மேஸ்திரி எடம் ஒண்ணு காலியா இருக்கு. அறுவடை ஆரம்பிக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லு."

"எனக்குத் திராட்சையப் பத்தி ஒண்ணும் தெரியாதே வேட்."

"அது காஞ்சு சுருங்கும். அவ்ளோதான். உனக்கு அது பழகின சமாச்சாரம்தானே."

கிண்டல் ஹார்லனுக்குப் புரிந்தது. அதைவிட நன்றாக ஒன்று புரிந்தது. ஃபிரெஸ்னோவுக்குப் போனால் பென்சில் அதோடு முடிந்தது. காய்ந்த திராட்சைக்கு நடுவே நின்று எவனும் சித்திரக்காரனாகத் திரும்பி வந்ததில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வேலை கிடைத்தால் அவன் வரைகிறவன். இல்லாவிட்டால் வரைந்துகொண்டிருந்தவன்.

அப்போதுதான் டாலிவர் கூப்பிட்டார். வில்ஷயர் வீதியில் சின்ன விளம்பரக் கம்பெனி வைத்திருந்தவர். ஆரிகன் மாநிலத்து மர அறுவை மில் ஒன்று தன் தொழிலாளர்களுக்குக் காமிக்ஸ் வடிவில் ஆறு பக்கப் புத்தகம் அச்சிட விரும்பியது. தலைப்பு, 'பத்து விரலோடு வீடு திரும்பு.' ரம்பத்தின் பக்கத்தில் கவனக்குறைவாக இருந்த ஒருவன் நான்காம் பக்கத்தில் ஒரு விரலை இழக்கிறான். ஐந்தாம் பக்கத்தில் மனைவி அழுகிறாள். ஆறாம் பக்கத்தில் பாதிரியார் புத்தி சொல்கிறார்.

"மனுஷங்க, விட்கோ. நெசமான மனுஷங்க வேணும். முள்ளம்பன்றியெல்லாம் வேண்டாம்" என்றார் டாலிவர். "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மில்லோட பாதுகாப்பு அதிகாரி ரெனிக் ஆரிகன்லேர்ந்து வர்றார். அவருக்குப் புடிச்சிருந்தா உங்களுக்கு வேல. புடிக்கலேன்னா இன்னொருத்தர் வெளில உக்காந்திருக்கார்."

வெளியே உட்கார்ந்திருந்தது கிளீட்டஸ்தான்.

ஹார்லன் ஐந்து நாள் சாப்பாட்டு மேஜையை விட்டு எழவில்லை. கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு ரம்பக்காரனின் அலட்சியத்தையும் வலியையும், அவன் மனைவியின் அழுகையையும், பாதிரியாரின் சாந்தத்தையும் தானே நடித்து நடித்து வரைந்தான். தோள் எல்லாம் தோளாக, மூக்கு எல்லாம் மூக்காக, ஒருவர்கூட முள்ளம்பன்றி ஜாடையில் இல்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தான். புதன்கிழமை சாயங்காலம் ஆறு பக்கத்தையும் டாலிவர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்து, பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அயர்ந்து தூங்கினான்.

வியாழன் காலை. இர்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தொப்பியை வைத்தாள். வெள்ளைக் கையுறையை எடுத்தாள். ஹார்லன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒவ்வொரு விரலாகக் கையுறைக்குள் நுழைத்து இழுத்துவிட்டாள். கட்டைவிரல். ஆள்காட்டி. நடுவிரல். மோதிரவிரல். அதோடு முடிந்தது என்று ஹார்லன் காபியை வாய்க்குக் கொண்டுபோனான். அவள் இன்னொரு விரலை நுழைத்தாள்.

"இர்மா."

"என்ன?"

"அது என்ன?"

"எது என்ன?"

"கடைசியா போட்டியே, அது."

"சுண்டு விரல், ஹார்லன். பொறந்ததுலேர்ந்து இருக்கு." பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். தோள்கள் காதைத் தாண்டிவிட்டிருந்தன. "ஏன், என்ன ஆச்சு?"

"நான் யாருக்கும் அதப் போடல."

"ரம்பக்காரனுக்கா?"

"அவனுக்கு, அவன் பொண்டாட்டிக்கு, பாதிரியாருக்கு, கைக்குழந்தைக்கு. எல்லாருக்கும் நாலுதான். மொதப் பக்கத்துலேர்ந்தே."

'பத்து விரலோடு வீடு திரும்பு' என்று சொல்லும் புத்தகத்தில் பத்து விரல் உள்ள ஓர் ஆத்மாகூட இல்லை. இர்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. "ஓடு" என்றாள்.

காரை விற்று எட்டு மாதமாகிறது. மை, தூரிகை, வெள்ளை வண்ணக் குப்பி எல்லாவற்றையும் ரொட்டிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே போனான். வழியெல்லாம் கம்பியைப் பிடித்திருந்த கைகளை எண்ணினான். நகரமே ஐந்து ஐந்தாகப் பிடித்திருந்தது. இத்தனை வருடம் இந்தக் கைகள் எல்லாம் எங்கே இருந்தன என்று தோன்றியது.

ஒன்பதரைக்கு டாலிவர் அலுவலகம். வரவேற்பு மேஜையில் மிஸ் புரூயிட் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். தன் பத்து நகத்துக்கும். ஹார்லன் அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சார் பத்தே முக்காலுக்குத்தான் வருவார்."

"சார் வேண்டாம். பக்கங்க வேணும். ஒரு சின்ன திருத்தம்."

"எவ்ளோ சின்னது?"

"ஒரு விரல்."

அவள் உள்ளே போய்ப் பக்கங்களை எடுத்துவந்தாள். பிரித்துப் பார்த்தாள். உதடு அசைய எண்ணினாள். "ஒரு விரலா? இதுல எண்பத்தெட்டு கை இருக்கு மிஸ்டர் விட்கோ."

"தெரியும்."

"இந்த நாய்க்கும் போடணுமா?"

"நாய விட்ருங்க."

துடைப்பங்கள் வைக்கிற சின்ன அறையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ஹார்லன் ஆரம்பித்தான். ஒவ்வொரு கையையும் பாதி வெள்ளையடித்து, விரல்களை நெருக்கி, ஓரத்தில் ஒன்றை நுழைக்க வேண்டும். வெள்ளை காய்ந்தால்தான் மேலே மை ஓடும். மிஸ் புரூயிட் கதவருகே நின்று ஒரு கோப்பு அட்டையால் விசிறினாள். நகச்சாயமும் கூடவே காய்ந்தது.

"எங்க அண்ணன்கூட ஒங்கள மாதிரிதான்" என்றாள். "ஒரு தடவ பைபிளத் தலைகீழா வெச்சுக்கிட்டு ஜபம் பண்ணினான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் ஆகல. கடவுள் படிச்சவர்."

ஒரு குவியல் கை முடித்தால் அடுத்த குவியல் நின்றது. தொழிலாளி கைகளைக் கட்டியிருந்தால் ஹார்லன் கடவுளுக்கு நன்றி சொன்னான். சட்டைப்பைக்குள் கை விட்டிருந்தவனை முத்தமிடலாம் போலிருந்தது. இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்திருந்தால் மில்லில் உள்ள அத்தனை பேரையும் கைகட்டி நிற்க வைத்திருப்பான். புது விரல்கள் பழையவற்றின் பக்கத்தில் விருந்துக்கு அழைக்காமல் வந்த சொந்தக்காரனைப் போல ஒட்டாமல் நின்றன. மூன்றாம் பக்கம் முடிந்தபோது மணி பத்து ஐம்பது. நான்காம் பக்கத்தில் தூரிகையை வைத்தான். கதவு திறந்தது.

"விட்கோ, வாளிமேல என்ன பண்றீங்க? ரெனிக் வந்துட்டார்" என்றார் டாலிவர். பக்கங்களை அவர் கையாலேயே எடுத்துக்கொண்டு போனார்.

ரெனிக் வயசான, உயரமான மனிதர். கோட்டுப் பைக்குள் இடது கையை விட்டபடியே உட்கார்ந்திருந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாவதை, மூன்றாவதை. நான்காவதில் நின்றார். மூன்றாவதற்குத் திரும்பினார். மறுபடி நான்கு, ஐந்து, ஆறு.

"இந்த நாலாம் பக்கத்துல ஒருத்தனுக்குத்தானே வெரல் போகுது?"

"ஆமா சார். கதையோட உச்சமே அதுதான்" என்றார் டாலிவர்.

"அப்ப அவன் பொண்டாட்டிக்கு எங்க போச்சு?"

டாலிவர் குனிந்து பார்த்தார். நிமிரவில்லை.

"பாதிரியாருக்கு? இந்தக் கைக்கொழந்தைக்கு? அது மில்லுப் பக்கமே வரலையே."

டாலிவர் விளம்பரக்காரர். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. "அதுதான் சார் இதுல விசேஷம். ஒருத்தனுக்கு விரல் போனா குடும்பத்துக்கே போன மாதிரி, ஊருக்கே போன மாதிரி. ஓவியர் ரொம்ப ஆழமா யோசிச்சிருக்கார். என்ன விட்கோ?" மேஜைக்கடியில் அவர் ஷூ ஹார்லனின் கணுக்காலை ஒரு இடி இடித்தது.

அருமையான பொய். ஹார்லனுக்கு இப்படி ஒன்று தோன்றியிருக்கவே தோன்றாது. பதினான்கு மாதத்தில் அவனுடைய வேலையைப் பற்றி யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தையும் அதுதான். ஆமாம் என்று சொன்னால் போதும், வெள்ளிக்கிழமை வேட் வேறு ஆள் பார்த்துக்கொள்வான். ஹார்லன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து ரெனிக் இடது கையைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தின்மேல் வைத்தார்.

மூன்று விரல் இருந்தன. கட்டைவிரல், ஆள்காட்டி, சுண்டு விரல். நடுவில் வழவழவென்று வெறும் இடம்.

அதைப் பார்த்ததும் ஹார்லனுக்கு முதலில் தோன்றியது, இதை எப்படி வரைவது என்றுதான். அவன் அப்படிப்பட்டவன், மன்னிக்க வேண்டும். இரண்டாவதாகத் தோன்றியது, அந்தக் கைக்கு முன்னால் ஆழமாக யோசித்த ஓவியனாக உட்கார முடியாது என்பது.

"இல்ல சார்" என்றான். "மறந்துட்டேன்."

"என்னத்த?"

"அஞ்சாவது வெரல. மொத மூணு பக்கம் இன்னிக்குக் காலைல ஒட்டினது. பாக்கிக்கு நேரம் பத்தல. பத்தொன்பது வருஷமா ஒரு முள்ளம்பன்றியத்தான் வரஞ்சேன். அதுக்கு நாலுதான்."

டாலிவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எந்த முள்ளம்பன்றி?" என்றார் ரெனிக்.

ஹார்லன் சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. தோள்கள் காதுக்கு ஏறின, மூக்கு இரண்டு தரம் சுருங்கியது, பின்கழுத்து முடி நின்றது. அவன் ஒன்றும் நடிக்கவில்லை. போக இடமில்லாத ஒரு மனிதனின் முகம் அவனுக்கு அப்படித்தான் ஆகும், அவ்வளவுதான்.

ரெனிக் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லெம்" என்றார். "தபால்பெட்டிக்குள்ள தல மாட்டிக்குமே, அது."

"அது நான் போட்டது சார்."

"தெரியுது."

பதினான்கு மாதம் ஏறிய படிகளில் ஒருவரும் சொல்லாத வார்த்தை அது. ஹார்லன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"போன தடவயும் ஒரு புஸ்தகம் அடிச்சோம், நெசமான மனுஷங்கள வெச்சு" என்றார் ரெனிக். "காத்து வராம இருக்க என் பசங்க அத ஜன்னல் சந்துல சொருகி வெச்சிருக்கானுங்க. பாதிரியார் வந்து சொன்னா எவன் கேப்பான்? லெம் சொன்னாக் கேப்பான். அதப் போடுங்க."

"அது என்னோடது இல்ல சார். பிரம்லி பேர்ல இருக்கு."

"அவர்தான் கடைய மூடிட்டாரே."

"கடையத்தான் மூடினார். முள்ளம்பன்றிய பெட்டில பூட்டி வெச்சிருக்கார்."

"அப்ப வேற ஜந்து போடுங்க. மரத்தக் கடிக்கிற பீவர். எங்க ஊர் ஆத்துல நெறயக் கெடக்கு."

"மிருகம்னா நாலு வெரல் இருந்தா பரவால்லயா சார்?" என்று டாலிவர் மெல்லக் கண்ணைத் திறந்து கேட்டார்.

"மிருகத்த யாரு எண்ணப் போறா. ஆனா மனுஷனுக்கு அஞ்சு இருக்கணும். நான் எண்ணுவேன்." ரெனிக் கையை மறுபடி பைக்குள் விட்டுக்கொண்டார். "எனக்கு அதுல கொஞ்சம் பழக்கம் உண்டு."

ஒப்பந்தத்தை மிஸ் புரூயிட் தட்டச்சு செய்தாள். ஆறு பக்கம். செப்டம்பர் கடைசிக்குள். பீவர் மில்லுக்குச் சொந்தம். வரைந்தவர் பெயர் எங்கும் வராது. ஹார்லன் கடைசி இரண்டு வரியையும் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அவன் கையெழுத்து அந்தத் தொழிலில் எப்போதாவது தேவைப்பட்டது என்றால் அது தன் பெயர் வராது என்று ஒப்புக்கொள்ளத்தான்.

வெளியே பெஞ்சில் கிளீட்டஸ் உட்கார்ந்திருந்தான். இந்த முறை இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

"கெடச்சுதா?"

"ஆறு பக்கம்."

கிளீட்டஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். வாசலில் நின்று, திரும்பாமலே கேட்டான். "ஃபிரெஸ்னோல உன் மச்சான் ஆள் தேடறான்னு கேள்விப்பட்டேன். இன்னும் வேணுமா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேட் கூப்பிட்டான்.

"என்ன மச்சான், வர்றியா?"

"வேல கெடச்சிருக்கு வேட். ஆறு பக்கம்."

"ஆறு வருஷமா?"

"பக்கம்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் திராட்சை காயும் சத்தம் மட்டும் கேட்டது. "அதுக்கப்புறம்?"

"தெரியல."

"நீ முடிக்கறப்ப அறுவடை முடிஞ்சிருக்கும். நான் எடத்த வெச்சுக்கிட்டு இருக்க முடியாது, சொல்லிட்டேன்."

"கிளீட்டஸ்னு ஒருத்தன் வருவான். அவனுக்குக் குடுத்துரு. நல்லவன்."

போனை வைத்துவிட்டு மேஜைக்கு வந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்தான். மேல்பல் இரண்டையும் உதட்டுக்கு வெளியே நீட்டிப் பார்த்தான். பீவர் இன்னும் வரவில்லை. தெரிந்தது லெம்தான், பல் நீண்ட லெம். அப்போது இர்மா வேலையிலிருந்து வந்தாள். அவன் சொன்னதைக் கேட்டாள். ஆறு பக்கம், பெயர் கிடையாது, ஃபிரெஸ்னோவும் கிடையாது. அவள் தொப்பியைக் கழற்றினாள். கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"அப்படியே இரு" என்றான் ஹார்லன். "கைய அசைக்காத."

"எவ்ளோ நேரம்?"

"மொதல்ல மனுஷங்கள முடிச்சுடறேன். அதுதான் பயமா இருக்கு."

அவள் எதிரே உட்கார்ந்து கையை மேஜைமேல் வைத்தாள். ஹார்லன் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தான். கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக, அவள் கையைப் பார்த்துப் பார்த்து வரைந்தான். சுண்டு விரலை முடித்ததும் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினான். ஐந்து. சந்தேகம் தீராமல் இர்மாவின் கையையும் எண்ணினான். அதிலும் ஐந்து.

"ஒரு கை ஆச்சு" என்றான். "இன்னும் எவ்ளோன்னு கேக்காத."

அவள் கேட்கவில்லை. மற்றக் கையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.